ரவுட்டருக்கு இணையம் வருகிறது, வீட்டுக்கு வரவில்லை: டெபியன் 13-க்கு மாறிய பிறகு எங்கே தேடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள ஒரு பழைய மினி பிசியை வீட்டு ரவுட்டராக வைத்திருக்கிறீர்கள். ஒரு போர்ட் ஃபைபர் மோடத்துக்குப் போகிறது, இன்னொன்று ஸ்விட்ச்சுக்கும் அதில் தொங்கும் வைஃபை பெட்டிக்கும். டெபியன் லினக்ஸ் 12-இல் இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. போன வாரம் 13-க்கு மேம்படுத்தி ரீபூட் செய்தீர்கள். ரவுட்டரிலிருந்து பிங் அடித்தால் வெளியே போகிறது. போன், லேப்டாப், டிவி எதற்கும் இணையம் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஐபி முகவரி மட்டும் கிடைக்கிறது. “ஐபி ஃபார்வர்ட் 1 என்றுதான் கோப்பில் இருக்கிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன். மூன்று நாளாக ஐபிடேபிள்ஸ் விதிகளைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்” என்கிறீர்கள்.

அந்த ஃபயர்வால் விதிகளை விடுங்கள். நீங்கள் சொன்னதிலேயே சந்தேகப்பட வேண்டிய இடம் இருக்கிறது. கோப்பில் 1 இருக்கிறது, சரி. கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், என்ன இருக்கிறது?

அதைக் கேட்க ஒரே ஒரு கட்டளை போதும். சிஸ்கன்ட்ரோல் என்று அடித்து (எழுத்துக்கூட்டல்: எஸ் ஒய் எஸ் சி டி எல்), ஒரு இடைவெளி விட்டு, நெட் புள்ளி ஐபிவி4 புள்ளி ஐபி அடிக்கோடு ஃபார்வர்ட் என்று கொடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் மனதில் வைத்திருக்கும் எண்ணைச் சொல்லும். உங்கள் வீட்டில் அது 0 என்று வரும் என்பது என் ஊகம்.

காரணம் இது. டெபியன் 13-இல், அதாவது 2025 ஆகஸ்டில் வந்த ட்ரிக்ஸியில், எட்சி அடைவில் இருக்கும் பழைய சிஸ்கன்ட்ரோல் புள்ளி கான்ஃப் கோப்பை சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைக் கிளப்பும் நிரல்) துவக்கத்தின்போது படிப்பதில்லை. வெளியீட்டுக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். மேம்படுத்துவதற்கு முன் அந்தக் குறிப்பை முழுக்கப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் பாதிக்கு மேல் படித்ததில்லை. இனி அது படிப்பதெல்லாம் அதே பெயரோடு புள்ளி டி என்று முடியும் அடைவுக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும்தான். பழைய கோப்பு உங்கள் வட்டில் அப்படியே கிடக்கிறது. திறந்தால் 1 என்றும் இருக்கிறது. அதைக் கேட்பார்தான் இல்லை.

சரி செய்வது எளிது. எட்சியின் கீழ் உள்ள சிஸ்கன்ட்ரோல் புள்ளி டி அடைவில் ஒரு புதுக் கோப்பு உருவாக்குங்கள். பெயர் 60-ரவுட்டர் என்பது போல எதுவாகவும் இருக்கலாம், ஆனால் புள்ளி கான்ஃப் என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் அதையும் படிக்காது. அதில் நெட் புள்ளி ஐபிவி4 புள்ளி ஐபி அடிக்கோடு ஃபார்வர்ட் சமம் 1 என்ற வரியை எழுதுங்கள். பழைய கோப்பில் நீங்கள் காலப்போக்கில் சேர்த்து வைத்த மற்ற வரிகளும் செயலிழந்துதான் கிடக்கும்; தேவையானதை இதற்குள் கொண்டு வந்துவிடுங்கள். ஐபி ஃபார்வர்ட் வரியை மேலே வையுங்கள். அந்த மதிப்பு மாறும்போது பிற வலை அளவுருக்கள் தொடக்க நிலைக்குத் திரும்பும் என்று கெர்னல் ஆவணம் சொல்கிறது. அதனால் மற்ற வரிகள் அதற்குக் கீழே இருப்பதுதான் பாதுகாப்பு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நிறையப் பேர் அதில் விழுகிறார்கள். சிஸ்கன்ட்ரோல் கட்டளைக்குக் கோடு பி என்று மட்டும் கொடுத்தால் அது அந்தப் பழைய கோப்பைத்தான் படிக்கும். கையால் ஓட்டினீர்கள் என்றால் இணையம் வந்துவிடும். “ஆஹா, சரியாகிவிட்டது” என்று படுக்கப் போவீர்கள். அடுத்த முறை மின்சாரம் போய் வந்ததும் மறுபடி பழைய கதை. அதனால் இந்த வகைத் திருத்தத்துக்கு ஒரே சோதனை ரீபூட்தான். வீட்டில் யாரும் வீடியோ கால் பேசாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

ரவுட்டருக்கு இணையம் வந்துகொண்டிருந்ததால்தானே ஃபயர்வால் மேல் சந்தேகம் போனது? அந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்வாசலும் கொல்லைவாசலும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் இரண்டு வழியாகவும் போகலாம், வரலாம். அதற்காகத் தெருவில் போகிறவர்கள் கொல்லைக்குக் குறுக்குவழியாக அவர் வீட்டுக் கூடத்தைக் கடந்து போக முடியாது. லினக்ஸ் கெர்னல் இயல்பாக அந்த வீட்டுக்காரர் மாதிரிதான்: தனக்கு வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) வாங்கிக்கொள்ளும், தன்னுடையதை அனுப்பும், அடுத்தவருக்கானது தன் வாசலில் வந்து நின்றால் பேசாமல் கீழே போட்டுவிடும். அதற்கு ஃபயர்வாலே தேவையில்லை, ஒரு விதிகூட இல்லாவிட்டாலும் போட்டுவிடும். ஐபி ஃபார்வர்டை 1 ஆக்குவதுதான் “கூடத்தைப் பொதுவழியாக்கு” என்று அதனிடம் சொல்வது. ஆகவே ரவுட்டரில் பிங் போகிறது என்பது மோடமும் இணைப்பும் நலம் என்பதற்குத்தான் சான்று. வழிவிடும் வேலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வலை அமைப்பை சிஸ்டம்டி நெட்வொர்க்டி மூலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஐபிஃபார்வர்ட் என்று ஒரே சொல்லாக எழுதும் அமைப்பு சிஸ்டம்டி 256-இல் கைவிடப்பட்டு, ஐபிவி4 ஃபார்வர்டிங், ஐபிவி6 ஃபார்வர்டிங் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. டெபியன் 13-இல் இருப்பது 257. பழைய வரியை நம்பி இருந்தவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

இனி, கெர்னல் 1 என்றே சொல்கிறது, ஆனாலும் இணையம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எதையும் மாற்றாதீர்கள். மாற்றிப் பார்ப்பது தேடுவது ஆகாது. ஒரு பாக்கெட் எங்கே செத்து விழுகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு டிசிபிடம்ப் இருக்கிறது. ரவுட்டரில் இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உள் இடைமுகத்தை, அதாவது ஸ்விட்ச் பக்கப் போர்ட்டை, கவனிக்கச் சொல்லுங்கள், இன்னொன்றில் மோடம் பக்கமுள்ள வெளி இடைமுகத்தை. இரண்டிலும் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் வகை) மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்துக்கொண்டு, லேப்டாப்பிலிருந்து 8.8.8.8-க்கு பிங் விடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணுக்கே விடுங்கள். பெயர் கொடுத்தால் டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றும் சேவை) பிரச்சினையும் இதுவும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

உள்பக்கமே ஒன்றும் வரவில்லை என்றால் தப்பு ரவுட்டருக்கு முன்னால். லேப்டாப் எந்த முகவரியை கேட்வேயாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். மேம்படுத்தும்போது முகவரி வழங்கும் டிஎச்சிபி அமைப்பு மாறியிருக்கலாம், அல்லது வைஃபை பெட்டியே “நான்தான் கேட்வே” என்று தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை என்றால் ரவுட்டருக்குள்தான் விழுகிறது: ஃபயர்வால் அல்லது ரவுட் அட்டவணை. இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. வெளியே போவதை எல்லா விதிகளும் முடிந்த பிறகுதான் பார்க்கிறது. அதனால் உள் இடைமுகத்தில் பாக்கெட் தெரிந்துவிட்டது என்பதற்காக ஃபயர்வால் விட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

வெளியே போகிறது, ஆனால் அனுப்புநர் முகவரி 192.168 என்றே இருக்கிறது என்றால் நேட் (உள் முகவரியை வெளிமுகவரியாக மாற்றுவது) நடக்கவில்லை. அந்தத் தனியார் முகவரிக்கு இணையத்தில் யாரும் பதில் அனுப்ப முடியாது. அனுப்பும் கடிதத்தில் திரும்பும் முகவரியாக “எங்க வீடு” என்று எழுதிய மாதிரி. நேட்டைச் செய்யும் மாஸ்கரேட் விதி இல்லை, அல்லது இருந்தும் பொருந்தவில்லை. வெளிமுகவரியோடு சரியாகப் போய், பதிலும் வெளி இடைமுகத்துக்கு வந்து, உள்பக்கம் மட்டும் எட்டவில்லை என்றால், ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளின் பதிலை அனுமதிக்கும் எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் விதி காணாமல் போயிருக்கும்.

இதில் மேம்படுத்தலுக்குப் பிறகு அதிகம் வருவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது இடைமுகத்தின் பெயர் மாற்றம்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் மேம்படுத்திய இரவில் இணையம் நின்றது. அந்த வாரம் தெருவில் கேபிள் வேலை நடந்துகொண்டிருந்ததால் பழியை நேராக இணைய நிறுவனத்தின் மேல் போட்டேன். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, நாற்பது நிமிடம் அந்த இசையைக் கேட்டு, வந்த பையனிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசியும்விட்டேன். அவர் பொறுமையாக, “சார், உங்க மோடம்ல நேரா லேப்டாப்பைச் செருகிப் பாருங்க” என்றார். செருகினேன், வந்தது. அப்புறம் பார்த்தால், புதுக் கெர்னலில் என் வலை அட்டையின் பெயரின் கடைசி எண் மாறியிருந்தது. என் மாஸ்கரேட் விதி பழைய பெயரைக் கட்டிக்கொண்டு, இல்லாத இடைமுகத்துக்காகக் காத்திருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பொருந்தாத விதி பிழை ஆகாது, சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

டெபியன் 13-க்கு வரும்போதும் சில கணினிகளில் இடைமுகப் பெயர் மாறலாம் என்று அதே வெளியீட்டுக் குறிப்பு எச்சரிக்கிறது. எனவே ஐபி அட்ரஸ் கட்டளை இப்போது காட்டும் பெயர்களையும் உங்கள் விதிகளில் எழுதியுள்ள பெயர்களையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றுக்கும் எல் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஃபான்ட்டில் பார்க்காதீர்கள்.

ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த நெஃப்டேபிள்ஸ் விதிகளை நேரடியாக எழுதுபவர்கள், வெளியேறும் இடைமுகத்தைக் குறிக்கும் ஓஐஎஃப், ஓஐஎஃப்நேம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஓஐஎஃப் என்றால் விதி ஏறும் நேரத்திலேயே அந்த இடைமுகம் கணினியில் இருக்க வேண்டும். பெயரை எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். ஓஐஎஃப்நேம் பெயரைப் பெயராகவே வைத்துக்கொண்டு பாக்கெட் வரும்போது ஒப்பிடும். பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து நிறுவனத்தோடு இணையும் முறை) வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பிபிபி0 என்ற இடைமுகம் இணைப்பு ஏற்பட்ட பிறகுதான் பிறக்கிறது. அதற்கு முன்பே ஃபயர்வால் சேவை கிளம்பிவிடும். ஓஐஎஃப் என்று எழுதியிருந்தால் “அப்படி ஒரு இடைமுகம் இல்லை” என்று சொல்லி அந்த ஒரு வரியோடு நிற்காது. கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். அது முழுதாக ஏறும், அல்லது ஒன்றும் ஏறாது. ரவுட்டர் ஒரு விதியும் இல்லாமல் நிற்கும்: நேட்டும் இல்லை, காவலும் இல்லை. சேவையின் நிலையை சிஸ்டம்கன்ட்ரோலில் கேட்டால் சிவப்பு எழுத்தில் தெரிந்துவிடும். கேட்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை.

அடுத்தது, உங்கள் மூன்று நாள் ஐபிடேபிள்ஸ் உழைப்பு. டெபியன் 10-லிருந்தே, அதாவது 2019 முதல், ஐபிடேபிள்ஸ் என்று நீங்கள் அடிக்கும் கட்டளை உள்ளுக்குள் நெஃப்டேபிள்ஸ் மொழியில்தான் பேசுகிறது. பழைய இயந்திரமும் லெகசி என்ற பெயரில் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒரே கெர்னலில் ஒரே நேரத்தில் விதி வைத்திருக்க முடியும், ஒன்று மற்றதைக் காட்டாது. பட்டியல் கேட்கும்போது மேலே “லெகசி அட்டவணைகளும் இருக்கின்றன” என்று ஒரு எச்சரிக்கை வரி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். முழு உண்மை வேண்டுமென்றால் என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் என்று கேளுங்கள், லெகசி பட்டியலையும் தனியாக ஒரு முறை கேளுங்கள்.

இன்னும் ஒன்று, இதில் அனுபவசாலிகளும் தடுக்கி விழுவார்கள். நெஃப்டேபிள்ஸில் ஒரே பாதையில் பல அட்டவணைகள் தனித்தனிச் சங்கிலிகளை, அதாவது விதி வரிசைகளை, மாட்டி வைக்கலாம். ஒரு சங்கிலியில் அக்செப்ட் என்று வந்தால் அந்தச் சங்கிலியோடுதான் அந்த அனுமதி. அடுத்த அட்டவணையின் சங்கிலி அதே பாக்கெட்டை மறுபடி சோதிக்கும். ஆனால் டிராப் என்று எங்கே வந்தாலும் அங்கேயே முடிந்தது. கல்யாண வீட்டில் எல்லாப் பெரியவர்களும் சரி என்றால்தான் நடக்கும், ஒருவர் முறைத்தால் நின்றுவிடும் என்பது போல. நீங்கள் உங்கள் அட்டவணையில் எத்தனை அக்செப்ட் எழுதினாலும், வேறொரு மென்பொருள் வைத்த அட்டவணையில் ஃபார்வர்ட் சங்கிலியின் பாலிசி (எந்த விதியும் பொருந்தாதபோது எடுக்கும் முடிவு) டிராப் ஆக இருந்தால் பயனில்லை. மூன்று நாள் வீணானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படி வைக்கும் மென்பொருளுக்குத் தெரிந்த உதாரணம், நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி உறைகளில் ஓட்டும் டாக்கர். அது ஐபி ஃபார்வர்டைத் தானே இயக்கும்போது, ஃபார்வர்ட் சங்கிலியின் பாலிசியை டிராப் ஆக்கிவிடும். அது பிழையல்ல, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்வது. சிக்கல் எப்படி வருகிறது பாருங்கள்: நேற்றுவரை கெர்னல் துவக்கத்திலேயே 1 ஆக இருந்ததால் டாக்கர் பாலிசியைத் தொடவில்லை. மேம்படுத்திய பிறகு பழைய கோப்பு படிக்கப்படாமல் 0 ஆக இருக்கிறது. டாக்கர் வந்து 1 ஆக்குகிறது, கூடவே டிராப்பும் போடுகிறது. நீங்கள் போய் கெர்னலைக் கேட்டால் 1 என்று சொல்லும், ஆனாலும் இணையம் வராது! ரவுட்டரிலேயே கண்டெய்னர் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் மேலே சொன்ன கோப்பை உருவாக்கி ரீபூட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தடுத்தால், டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் உங்கள் உள் வலைக்கும் அதன் பதில்களுக்கும் அனுமதி எழுதுங்கள். நம் விதிகளுக்கென்றே அதை விட்டுவைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ரவுட்டரை ரவுட்டராக மட்டும் இருக்க விடுவதே நிம்மதி, கண்டெய்னர்களுக்கு வேறு பெட்டி பார்த்துக்கொள்ளலாம்.

பிங் போகிறது, வாட்ஸ்ஆப் செய்தி போகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன என்றால் அது வேறு நோய். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492 தான் மிஞ்சும். லேப்டாப்புக்கு அது தெரியாது. துண்டாக்காதே என்ற குறியோடு 1464 பைட் பிங் விடுங்கள், அதோடு தலைப்புகள் 28 சேர்ந்து சரியாக 1492 ஆகும். அது போய், 1465 போகவில்லை என்றால் எல்லை அதுதான். டிசிபி இணைப்பு தொடங்கும்போதே எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சத்தை) பாதைக்கு ஏற்பக் குறைக்கும் விதி உங்கள் பழைய ஃபயர்வால் கோப்பில் இருந்திருக்கும், மேம்படுத்தலில் அது ஏறாமல் விட்டிருக்கும். ஐபிவி4-க்கு அந்த அளவு 1452.

ஐபிவி6 வைத்திருந்தால் ஒரு வரி கூடுதல். ஐபிவி6 ஃபார்வர்டிங்கை இயக்கியதும் கெர்னல் தன்னை ரவுட்டராக எண்ணிக்கொண்டு, நிறுவனத்தின் பக்கமிருந்து வரும் ரவுட்டர் அறிவிப்புகளைக் காதில் போட்டுக்கொள்ளாது. ரவுட்டரின் ஐபிவி6 வழி மறைந்துவிடும். வெளி இடைமுகத்துக்கு அக்செப்ட் ஆர்ஏ மதிப்பை 2 என்று வைத்தால் ரவுட்டராக இருந்துகொண்டே அறிவிப்பையும் கேட்கும். 1 போதாது. நெட்வொர்க்டி அந்த அறிவிப்புகளைத் தானே கையாள்வதால் அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இது பொருந்தாது.

எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ். டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டை, அந்த வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க்குக்குப் பதில் வேறு சேவை பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவே.

இணையம் வந்துவிட்டால் உடனே எழுந்து போய்விடாதீர்கள், இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று நாளாகச் சேர்த்த விதிகள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. “எதற்கும் எல்லாவற்றையும் திறந்து பார்ப்போம்” என்று, ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டைச் சோதிக்கும் இன்புட் சங்கிலியின் பாலிசியையும் அக்செப்ட் ஆக்கினீர்களா? ஆக்கியிருந்தால் தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் போர்ட் (22) மூன்று நாளாக உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. பழைய விதிக் கோப்பின் நகல் இருந்தால் அதையே ஏற்றுங்கள், இடைமுகப் பெயரை மட்டும் திருத்திக்கொண்டு. ஏற்றிய பிறகு போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து வீட்டு முகவரியின் 22-ஆம் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். பதில் வரக் கூடாது. அதோடு, எஸ்எஸ்எச் பதிவுகளில் இந்த மூன்று நாளில் வெற்றிகரமாக நுழைந்தவர்கள் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். அதில் நீங்கள் மட்டும்தான் இருக்க வேண்டும்.